டீம் ப்ராஜெக்ட்ல சேரலாமா? உங்க கேள்விகளும் என் பதில்களும்

காலேஜ்ல டீமா ப்ராஜெக்ட் பண்றவங்க கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தேன், நிறைய வந்திருக்கு. ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேர்த்து அஞ்சு கேள்விக்கு இங்க பதில் எழுதறேன்.

அக்கா, நான் செகண்ட் இயர் மெக்கானிக்கல். மாணவர்களே சின்ன ரேஸ் கார் செஞ்சு போட்டிக்குப் போற எங்க காலேஜ் ஃபார்முலா ஸ்டூடண்ட் டீம்ல சேரணும்னு ஆசை. "அங்க போனா சாமான் தூக்கத்தான் விடுவாங்க, சிஜிபிஏ போயிடும்"னு ஒரு சீனியர் சொல்றார். உண்மையா?
– மாணவர், சேலம்

சேருங்க தம்பி. முதல் வருஷம் சாமான் தூக்க, பைப் அறுக்க, கிரைண்டிங் பிடிக்கத்தான் விடுவாங்க, அது உண்மைதான். ஆனா ரெண்டு ட்யூப் சேர்ற இடத்துல கேப் இல்லாம உட்கார்ற வரைக்கும் ராவி ராவிப் பார்த்தவன், அப்புறம் சிஸ்டம்ல உட்கார்ந்து டிராயிங் போடும்போது வெல்டிங் டார்ச் நுழைய முடியாத மூலையில ஜாயிண்ட் வைக்கவே மாட்டான். அதை கிளாஸ்ல உட்கார்ந்து படிச்சு வர வைக்கறது கஷ்டம்.

இந்தப் போட்டி 1980களோட ஆரம்பத்துல அமெரிக்காவுல டெக்சாஸ்ல ஃபார்முலா எஸ்ஏஇன்னு ஆரம்பிச்சது, இப்ப பல நாட்டுல நடக்குது, நம்ம ஊர்ல ஃபார்முலா பாரத் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேல நடக்குது. ஃபார்முலா எஸ்ஏஇ விதிப்படி மொத்தம் 1000 பாயிண்ட், அதுல வண்டி ஓட்டிக் காட்டறதுக்கு 675தான். மீதி 325 வண்டி ஸ்டார்ட் ஆகாமலே வாங்க வேண்டியது: டிசைனுக்கு 150, காஸ்ட்டுக்கு 100, பிசினஸ் பிரசன்டேஷனுக்கு 75. காஸ்ட் ரிப்போர்ட்ல ஒவ்வொரு போல்ட்டுக்கும் கணக்கு காட்டணும். டிசைன் ரவுண்ட்ல வேலை தெரிஞ்ச இன்ஜினியர்ஸ் வந்து வண்டி பக்கத்துல நின்னு "இந்த ட்யூப் ஏன் இந்த தடிமன், இந்த ஸ்பிரிங் ஏன் இவ்வளவு விறைப்பு"னு கேட்பாங்க, "போன வருஷ டீமும் அதையேதான் போட்டாங்க"ன்னு சொன்னா அங்கேயே மார்க் போச்சு. நாலு வருஷ பரீட்சையில எங்கேயும் இப்படி ஒருத்தர் முகத்தைப் பார்த்து "ஏன்"னு கேட்டு விடாம நிக்கறதில்ல, அதனாலயே எனக்கு இந்தப் போட்டி மேல அவ்வளவு மரியாதை.

இன்னொண்ணு சொல்றேன், இதுதான் முக்கியம்னு நான் நினைக்கறது. வீல் ரிம்முக்குள்ள பிரேக் காலிப்பர், அதாவது டிஸ்கை இறுக்கிப் பிடிக்கற பாகம், உட்காரணும், நடுவுல கேப் சில மில்லிமீட்டர்தான். பிரேக் பார்க்கற பையன், நினைச்ச காலிப்பர் ஸ்டாக் இல்லைன்னு வேற ஒண்ணு ஆர்டர் போட்டுட்டான், அது கொஞ்சம் பெருசு, பிரேக் கணக்குப்படி இன்னும் நல்லதுதான். வீலைத் தாங்கற அப்ரைட்டைப் பார்க்கற பொண்ணு பழைய காலிப்பரை வச்சு மாடல் பண்ணி சிஎன்சி மெஷின்ல வெட்ட அனுப்பிட்டா, அவ கணக்கும் சரி. அசெம்பிளி அன்னிக்கு வீல் சுத்தாது, காலிப்பர் ரிம்ல இடிக்கும். தனித்தனியா பரீட்சை வச்சிருந்தா ரெண்டு பேருக்கும் முழு மார்க். ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கற அந்த சில மில்லிமீட்டர் யார் பொறுப்புன்னு யாரும் எழுதி வைக்கலை, அவ்வளவுதான். கம்பெனில டிராயிங்ல ரிவிஷன் நம்பர் போடறது, ஒரு தேதிக்கு மேல டிசைனைத் தொடக்கூடாதுன்னு ஃப்ரீஸ் பண்றது, மாத்தணும்னா சம்பந்தப்பட்டவங்ககிட்ட கையெழுத்து வாங்கறது எல்லாம் எதுக்குன்னு அன்னிக்குப் புரியும், புரிஞ்சவங்களுக்கு அதுக்கப்புறம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

சிஜிபிஏ விஷயத்துல சீனியர் சொல்றதை முழுசா தள்ளிடாதீங்க. பிளேஸ்மெண்ட்ல நிறைய கம்பெனி கட்ஆஃப் வைக்கறாங்க, அரியர் இருந்தா உள்ளேயே விடறதில்ல. அரியர் விழற மாதிரி தெரிஞ்சா செமஸ்டர் முடியற வரைக்கும் டீம்ல வேலையைக் குறைச்சுக்கறேன்னு கேப்டன்கிட்ட நேரா சொல்லிடுங்க, சொல்லாம காணாம போறதுதான் தப்பு.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், நாங்க நாலு பேர். ப்ராஜெக்ட் சென்டர்ல காசு குடுத்தா மாடல், ரிப்போர்ட், பிபிடி எல்லாம் ரெடியா குடுத்துடுவாங்களாம். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. நாங்களும் வாங்கிடலாமா?
– மாணவர், நாமக்கல்

வேண்டாம். மாட்டிக்குவீங்கன்னு பயமுறுத்தறதுக்காக சொல்லலை, மாட்டாமலே கூட தப்பிச்சுடலாம். ஆனா நாலு வருஷத்துல ஒரே ஒரு தடவைதான் "என்ன செய்யணும்"னு நீங்களே முடிவு பண்ற வாய்ப்பு வருது, அதைப் போய் காசு குடுத்து இன்னொருத்தர்கிட்ட தள்ளிவிடறீங்க. இன்ஜினியரிங் பட்டங்களை ஒரு நாட்டுக்கு இன்னொரு நாடு ஏத்துக்கற வாஷிங்டன் அக்கார்டுங்கற ஒப்பந்தத்துல இந்தியா 2014ல முழு உறுப்பினர் ஆச்சு, அதுக்கு அப்புறம் தேசிய அங்கீகார வாரியத்தோட (என்பிஏ) அங்கீகாரம் கேட்கற டிபார்ட்மெண்ட் எல்லாம் டீம் ஒர்க், ப்ராஜெக்ட் மேனேஜ்மெண்ட், நெறிமுறை இதெல்லாம் மாணவர்களுக்கு வந்திருக்குன்னு காட்டியாகணும். பேப்பர்ல காட்டறது ஒரு பக்கம் இருக்கட்டும், உங்களுக்கு நிஜமாவே வரணும் இல்லையா?

நீங்க நாமக்கல்ல இருக்கீங்க, லாரி பாடி கட்டற பட்டறை எத்தனை இருக்கு! ஒண்ணுல போய் ஓனரைப் பார்த்து "தினமும் எந்த வேலை உங்களுக்கு இம்சையா இருக்குண்ணா"ன்னு கேளுங்க. மொதல் நாள் டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடுவார், ரெண்டாவது தடவை போனா பேசுவார். ஒருத்தர் வேலை செய்யறதை ஓரமா நின்னு பாருங்க, எங்க குனியறார், எதை ரெண்டு தடவை அளக்கறார், எதுக்கு இன்னொருத்தரைக் கூப்பிடறார்னு நோட்ல எழுதுங்க. முதல் மாசம் சிஸ்டத்தையே தொடாதீங்க. அப்புறம் "நாங்க இதை செஞ்சு தர்றோம், இதுக்குள்ள தர்றோம், இவ்வளவு செலவாகும்"னு ஒரே ஒரு பக்கம் எழுதி அவர்கிட்ட காட்டி சம்மதம் வாங்குங்க. சின்னதா ஒரு ஜிக், அதாவது வேலை செய்யற பாகத்தை சரியான இடத்துல பிடிச்சு வைக்கற சாமான், போதும், அதை அந்தப் பட்டறைல தினமும் எடுத்து யூஸ் பண்ணாங்கன்னா அதுக்கு மேல என்ன வேணும்.

எங்க காலேஜ்ல கார் டீம் எல்லாம் இல்ல, எனக்கு கார்ல ஆர்வமும் இல்ல. நான் ஈசிஈ. எங்களுக்கு என்ன வழி அக்கா?
– மாணவி, திருநெல்வேலி

கார்தான் வேணும்னு இல்லம்மா. அமெரிக்காவுல பர்டூ யுனிவர்சிட்டில 1995ல லியா ஜேமிசன், எட்வர்ட் கோய்ல்னு ரெண்டு எலெக்ட்ரிக்கல் புரொஃபசர்ஸ் எபிக்ஸ்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. ஊர்ல இருக்கற சேவை அமைப்புகளுக்கு என்ன தேவையோ அதை மாணவர் டீம் செஞ்சு குடுக்கணும், அதுக்கு கிரெடிட் உண்டு. இதுக்காக 2005ல அவங்க ரெண்டு பேருக்கும் வில்லியம் ஓக்ஸுக்கும் சேர்த்து அமெரிக்க தேசிய இன்ஜினியரிங் அகாடமி கார்டன் பரிசு குடுத்தது. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஃபர்ஸ்ட் இயர்ல இருந்து ஃபைனல் இயர் வரைக்கும் ஒரே டீம்ல இருப்பாங்க, செமஸ்டர் முடிஞ்சாலும் ப்ராஜெக்ட் முடியாது, சீனியர் போகும்போது ஜூனியர்கிட்ட ஒப்படைச்சுட்டுப் போகணும். புதுசா வர்றவன் உங்க சர்க்யூட் டயகிராமைப் பார்த்துப் புரிஞ்சுக்கலைன்னா நீங்க வேலையை முடிக்கலைன்னு அர்த்தம்.

பக்கத்துல ஒரு சிறப்புப் பள்ளி இருந்தா போய்ப் பாருங்க. விரலை சரியா அசைக்க முடியாத குழந்தைக்கு பெரிய பட்டன் வச்ச ஸ்விட்ச் ஒண்ணு செய்யறீங்கன்னு வைங்க, சர்க்யூட் உங்களுக்கு ஒரு சாயங்கால வேலை. ஆனா அங்க இருக்கற டீச்சர் கேட்பாங்க: "குழந்தை வாயில வச்சா என்ன ஆகும்? துடைச்சு வைக்கலாமா? பேட்டரி போனா நானே மாத்த முடியுமா, ஸ்க்ரூடிரைவர் வேணுமா?" இந்த மூணு கேள்விக்கு பதில் தேடும்போது பாக்ஸ் மாறும், வயர் வெளிய வர்ற இடம் மாறும், நீங்க வாங்கின பேட்டரி அந்த ஊர்க் கடையில கிடைக்காதுன்னு அதுவும் மாறும்.

நான் டீம் லீடர். ஆறு பேர்ல ஒருத்தன் வேலையே செய்யறதில்ல, மீட்டிங்குக்கும் வர்றதில்ல. கைடுகிட்ட சொல்லிடலாமா?
– மாணவர், ஈரோடு

கைடுகிட்ட போறதுக்கு முன்னாடி அவன்கிட்ட தனியா ஒரு தடவை பேசுங்க, குரூப்ல டேக் பண்ணி திட்டறது பேசறது ஆகாது. டே ஸ்காலரா இருந்து காலேஜ் பஸ்ஸை விட்டா வீட்டுக்குப் போக வழியில்லாதவன், நீங்க வைக்கற ராத்திரி மீட்டிங்குக்கு எப்படி வருவான்? டிராயிங் போடற கேட் (CAD) சாஃப்ட்வேர் ஓடற லேப்டாப் இல்லாம வெக்கப்பட்டு ஒதுங்கறவங்களும் இருக்காங்க. காரணம் தெரிஞ்சதும், "நீ எலெக்ட்ரிக்கல் பாத்துக்கோ"ன்னு மொட்டையா சொல்லாம "வெள்ளிக்கிழமைக்குள்ள கனெக்டர் லிஸ்ட் வேணும், அது வந்தாதான் இவ வயரிங் ஆரம்பிக்க முடியும்"னு சொல்லுங்க. தன்னால யார் வேலை நிக்குதுன்னு தெரிஞ்சா நிறைய பேர் மாறிடுவாங்க. ஒவ்வொரு மீட்டிங்லயும் யார் என்ன ஒத்துக்கிட்டாங்கன்னு நாலு வரி எழுதி எல்லாருக்கும் அனுப்பிடுங்க. இதுக்கு மேலயும் செய்யலைன்னா அந்த நாலு வரிகளை எடுத்துக்கிட்டு தாராளமா கைடுகிட்ட போங்க, அது கோள் சொல்றது இல்ல.

என் மகள் தேர்ட் இயர், எலெக்ட்ரிக் ரேஸ் கார் டீம்ல இருக்கிறாள். ராத்திரி பத்து, பதினொண்ணு வரை ஒர்க்‌ஷாப்ல இருக்கிறாள். பெண் பிள்ளைக்கு இதெல்லாம் தேவையா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். எனக்கும் பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், மதுரை

அம்மா, உறவுக்காரங்க கேள்விக்கு பதில் தேவையே இல்ல, பையன் அதே ஒர்க்‌ஷாப்ல இருந்தா அவங்க கேட்டிருக்க மாட்டாங்க. உங்க பயம் வேற, அது நியாயமான பயம், அதை அப்படியே விடாதீங்க. எலெக்ட்ரிக் வண்டி பேட்டரில நூத்துக்கணக்கான வோல்ட் இருக்கலாம், அதைத் தொடறதுக்குன்னு தனி ரூல் இருக்கு. பொறுப்பு ஆசிரியருக்கு ஃபோன் பண்ணிக் கேளுங்க: பேட்டரி வேலை நடக்கும்போது பயிற்சி எடுத்தவங்க கூட இருக்காங்களா, இன்சுலேட்டட் கிளவுஸ் இருக்கா, கிரைண்டிங் பண்றவங்க கண்ணாடியும் ஷூவும் போடறாங்களா, தனியா ஒருத்தரை மெஷின்ல வேலை செய்ய விடறாங்களா, ராத்திரி ஹாஸ்டலுக்கு எப்படித் திரும்பறாங்க. நல்லா நடத்தற டீம்னா அவர் சந்தோஷமா பதில் சொல்வார். மழுப்பினா, பகல்ல மட்டும் வேலை பார்க்கச் சொல்லி மகள்கிட்ட பேசுங்க, டீமை விட்டு மட்டும் எடுத்துடாதீங்க. உங்க மகளே இந்தக் கேள்விகளை டீம் மீட்டிங்ல எழுப்பினா இன்னும் நல்லது, ஒர்க்‌ஷாப் பாதுகாப்புக்கு ஒரு ஆள் பொறுப்புன்னு போட்டுக்கச் சொல்லுங்க, அந்தப் பொறுப்பை அவளே எடுத்துக்கிட்டாலும் சரி.