சரிவில் நிற்காத கிராலருக்கு டிஸ்க் பிரேக்: கேள்வி பதில்

என் 1/10 கிராலரில் (பாறை ஏறும் ரிமோட் கார், அசலில் பத்தில் ஒரு பங்கு அளவு) டிஸ்க் பிரேக் மாட்டிய படத்தைக் காட்டியதிலிருந்து கேள்வி மேல் கேள்வி. தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக இங்கே. வண்டி பழைய ஆக்ஸியல் எஸ்சிஎக்ஸ்10. 35 டர்ன் (கம்பிச் சுற்று) பிரஷ்டு மோட்டார். கியர்பாக்ஸிலிருந்து முன் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்ட்டில் ஒரு டிஸ்க், அதை இறுக்க ஒரு சின்ன சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் குட்டி மோட்டார்), ரிமோட்டின் மூன்றாவது சேனலில். அவ்வளவுதான் விஷயம்.

பாறைப்பல்லி: அண்ணா, டிராக் பிரேக்கை (திராட்டிலை விட்டதும் மோட்டாரே தடுப்பது) 100 சதவீதம் வைத்தும் செங்குத்துச் சரிவில் வண்டி மெல்ல ஊர்ந்து இறங்குகிறது. இஎஸ்சி (மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி) போய்விட்டதா?

இஎஸ்சி நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. ஒரு சோதனை செய்து பாருங்கள். மோட்டாரைக் கழற்றிக் கையில் எடுத்து, இரண்டு ஒயரின் முனையையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்துக்கொண்டு பினியனை (மோட்டார் முனையிலுள்ள சின்னப் பல்சக்கரம்) சுற்றுங்கள். வேகமாகச் சுற்றினால் தேன் பாட்டிலுக்குள் கரண்டி விட்டுச் சுற்றுவதுபோல் கனக்கும். மெதுவாகச் சுற்றினால் அந்தக் கனம் காணாமல் போய்விடும், காந்தத்தின் சின்னச் சின்ன இழுப்பு மட்டும்தான் விரலில் தட்டும். டிராக் பிரேக் செய்வதும் இதேதான். மோட்டாரின் இரண்டு முனையையும் இஎஸ்சி உள்ளுக்குள்ளேயே ஷார்ட் செய்கிறது. சுற்றுகிற மோட்டார் மின்சாரம் உண்டாக்கும், அந்த மின்சாரமே அதைத் தடுக்கும். சுற்றவில்லை என்றால் மின்சாரமும் இல்லை, தடையும் இல்லை. ஆகவே டிராக் பிரேக் வண்டியை மெதுவாக்கும், நிறுத்தி வைக்காது. நின்றால் அது கியர்களின் உராய்வு செய்த புண்ணியம்.

செலவு குறைந்த வைத்தியம் முதலில்: சின்ன பினியன், அதிக டர்ன் மோட்டார். 55 டர்ன் போட்டதும் சிலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். தீராதவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

கல்லுருட்டி: எத்தனை கிலோ பிடிப்பு வேண்டும் என்று எப்படிக் கணக்குப் போட்டீர்கள்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். வண்டி 3 கிலோ, டயர் விட்டம் 12 செ.மீ., சரிவு 45 டிகிரி என்று வையுங்கள். சரிவு வாக்கில் வண்டியை இழுக்கும் விசை சுமார் 2.1 கிலோ. டயரின் ஆரம் 6 செ.மீ., ஆகச் சக்கரங்களில் மொத்தம் 13 கிலோ-செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக முறுக்கு விசை வருகிறது. ஆக்சிலில் மூன்றுக்கு ஒன்று குறைப்பு இருந்தால், டிரைவ் ஷாஃப்ட்டில் அது நாலே கால்தான். டிஸ்க்கில் பிரேக் பேட் உரசும் இடம் நடுவிலிருந்து 1.2 செ.மீ. தள்ளி இருக்கிறது, அங்கே மூன்றரை கிலோ உராய்வு வேண்டும். பேட் இரண்டு பக்கமும் உரசுவதால், உராய்வுக் கெழு 0.35 என்று எடுத்துக்கொண்டால், 5 கிலோ அழுத்தம் போதும்.

2 கிலோ-செ.மீ. சர்வோ, 1 செ.மீ. கொம்பு (சர்வோவின் கை): கம்பியில் 2 கிலோ இழுப்பு. பிரேக் லீவர் 15 மி.மீ., அதன் கேம் தள்ளுவது 2 மி.மீ. ஏழு மடங்குக்கு மேல் பெருகி 15 கிலோ. பாதியை உராய்வு தின்றுவிட்டாலும் நமக்குப் போதும். டிஆர்எக்ஸ்-4 போல போர்ட்டல் ஆக்சில் உள்ள வண்டி என்றால் சக்கரத்தருகே இன்னொரு குறைப்பு இருக்கிறது, இன்னும் சுலபம்.

ஸ்லிப்பர் கிளட்சை (சுமை மிஞ்சினால் நழுவிக் கியரைக் காப்பது) தாண்டி, சக்கரத்தின் பக்கமாகத்தான் டிஸ்க் இருக்க வேண்டும். மோட்டார் பக்கம் வைத்தால் ஸ்லிப்பர் நழுவும்போது பிரேக்கும் போச்சு.

தார்ரோடு: எந்த சர்வோ வாங்கலாம்?

எம்ஜி90எஸ் வகை, உலோகப் பல் உள்ளது. மாட்டியதும் டிரான்ஸ்மிட்டரில் எண்ட் பாயிண்ட்டை (சர்வோ எதுவரை திரும்பலாம் என்ற எல்லை) சரி செய்யுங்கள். பேட் இறுகிய பிறகும் சர்வோ 'கிர்ர்' என்று முனகினால் அது தன்னைத்தானே சுட்டுக்கொண்டிருக்கிறது. முனகல் நிற்கும்வரை எண்ட் பாயிண்ட்டைக் குறையுங்கள். என்னுடைய முதல் சர்வோ இப்படித்தான் ஒரு மதியத்தில் கருகியது.

உழவன்_4டபிள்யூடி: சார், எங்கள் டிராக்டரில் இடது, வலது என்று இரண்டு பிரேக் மிதி. வரப்பு முனையில் ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் வண்டி அப்படியே திரும்பும். கிராலரிலும் பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் பிரேக் வைக்கலாமா?

அருமையான யோசனை, ஆனால் ஒரு சிக்கல். டிராக்டரில் அந்த வித்தை நடப்பது டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்) திறந்திருப்பதால். ஒரு சக்கரத்தைப் பிடித்தால் மற்றது கூடுதலாகச் சுற்றும். அதனால்தான் ரோட்டில் ஓட்டும்போது இரண்டு மிதியையும் கொக்கி போட்டு இணைக்கச் சொல்வார்கள். நம் கிராலரில் இடது வலது சக்கரங்கள் ஒரே கட்டாகப் பூட்டப்பட்டவை. ஒன்றைப் பிடித்தால் இரண்டும் நிற்கும். டிஆர்எக்ஸ்-4இல் லாக்கரை (டிஃபரன்ஷியலைப் பூட்டும் அமைப்பு) திறந்துவிட்டால் செய்து பார்க்கலாம். ஆனால் லாக்கர் திறந்திருக்கும்போது ஷாஃப்ட் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது: ஷாஃப்ட் அசையாமல் நிற்கும், பிடிப்பில்லாத சக்கரம் பின்னோக்கிச் சுற்ற, எதிர்ச் சக்கரம் முன்னோக்கி உருண்டுவிடும்.

மண்புழு: பின் ஆக்சிலை மட்டும் பிடித்துக்கொண்டு முன்னால் இழுத்துத் திரும்ப முடியுமா?

அதற்குப் பெயர் டிக். பின் அவுட்புட்டைக் கியர்பாக்ஸிலிருந்து கழற்றிவிட்டு, அப்புறம் பூட்ட வேண்டும். கழற்றாமல் பிரேக் பிடித்தால் முன், பின் ஷாஃப்ட் இரண்டும் ஒரே கியரில் கோத்தவை என்பதால் மோட்டாரோடு மல்லுக்கட்டுவீர்கள். பிரேக் பிடித்தபடி திராட்டில் கொடுக்காதீர்கள். நின்றுபோன பிரஷ்டு மோட்டார் சில நொடிகளில் வாசனை காட்டும்.

வெள்ளிக்கிழமை: டிஸ்க், பேட் எங்கே கிடைக்கும்? நாலு சக்கரத்திலும் வைத்தால் அழகாக இருக்குமே.

அழகுக்கு என்றால் பொம்மை டிஸ்க் வாங்கி ஒட்டுங்கள். நான் போட்டது 1/8 நைட்ரோ பக்கியின் (எரிபொருள் எஞ்சினில் ஓடும் ரிமோட் கார்) டிஸ்க்கும் பேடும். அந்த வண்டிகளில் சர்வோவால் இறுக்கும் பிரேக் பல காலமாக உண்டு. நடு ஓட்டை நம் 5 மி.மீ. ஷாஃப்ட்டுக்குப் பொருந்தாது. லேத் பட்டறையில் ஒரு பித்தளை ஹப் கடைந்து வாங்கினேன். கடைந்தவர் அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, “இது எந்த மிஷினுக்கு?” என்றார். பொம்மைக் கார் என்று சொல்ல வெட்கப்பட்டு ‘மாடல்’ என்றேன். ஹப்பின் மேல் டிஸ்க் பக்கவாட்டில் அரை மில்லி நகர வேண்டும். திருகி இறுக்கிவிட்டால் ஒரு பேட் மட்டுமே உரசி டிஸ்க் வளையும்.

ஓம்ஸ்லா: இவ்வளவு பாடு எதற்கு? எஃப்ஓசி பிரஷ்லெஸ் போட்டால் சுவரில் ஒட்டிய பல்லி மாதிரி நிற்கும். நீங்கள் 2010இலேயே நின்றுவிட்டீர்கள்.

நிற்கும், மறுக்கவில்லை. எஃப்ஓசி என்ற அந்தக் கட்டுப்பாட்டு முறை, சென்சாரை வைத்து ரோட்டர் (மோட்டாரின் சுழலும் பகுதி) இருக்கும் இடத்தை அறிந்து, அது நகரப் பார்த்தால் எதிர்த் திசையில் மின்சாரம் கொடுக்கிறது. அதாவது நிற்பதற்கே பேட்டரியைச் செலவு செய்கிறது. படம் எடுக்கப் பத்து நிமிடம் சரிவில் நிறுத்திவிட்டு மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். இன்னொன்று, அது பிடிப்பது மோட்டாரை. பினியன் திருகு தளர்ந்தால் மோட்டார் அசையாமல் நிற்கும், வண்டி மட்டும் கீழே போகும்.

ஓம்ஸ்லா: தொட்டுப் பார்த்துவிட்டேன், வெதுவெதுப்புதான். உங்கள் சர்வோ மட்டும் காற்றில் ஓடுகிறதா? சுவிட்சை அணைத்தால் அதுவும் தொளதொளத்துவிடும். அப்புறம் என்ன பெருமை?

சரி, பிடித்துவிட்டீர்கள். பேட்டரி மாற்றும்போது என் வண்டி ஒரு முறை பாறையிலிருந்து உருண்டது இதனால்தான். அன்றைக்கு முன் பம்பர் போயிற்று. தீர்வு லாரியில் இருக்கிறது: அதன் பார்க்கிங் பிரேக்கைப் பிடிப்பது ஸ்பிரிங், விடுவிப்பது காற்று. காற்று இறங்கினால் தானாகப் பிடித்துக்கொள்ளும். அதேபோல் ஸ்பிரிங் இறுக்கட்டும், சர்வோ திறக்கட்டும்.

ஓம்ஸ்லா: அப்படியென்றால் வண்டி ஓடும் நேரம் முழுக்க சர்வோ ஸ்பிரிங்கோடு மல்லாடும். நீங்கள்தானே முனகினால் கருகும் என்றீர்கள்!

சொன்னேன்தான். கொம்பும் கம்பியும் ஒரே நேர்க்கோட்டுக்கு வந்து ஒரு மயிரிழை தாண்டும்படி வைத்தால் சுமை சர்வோவுக்கு வராது, கொம்பின் அச்சே தாங்கிக்கொள்ளும். காகிதத்தில் வரைந்துவிட்டேன், வண்டியில் இன்னும் செய்யவில்லை.

சின்னக்கல்: அண்ணே, பிரேக்குக்கு எந்த சர்வோ நல்லது?

மேலே இருக்கிறது.

புதுவண்டி: லிப்போ 2எஸ்ஸா 3எஸ்ஸா?

பிரேக் பற்றி மட்டும் கேளுங்கள்.

நாலுகால்: எஸ்ஜி90 சர்வோ வீட்டில் சும்மா கிடக்கிறது, போதுமா?

மூன்றாவது சர்வோ கேள்வி. 4.8 வோல்ட்டில் 1.8 கிலோ-செ.மீ., கணக்குப்படி போதும். பல் பிளாஸ்டிக், உடைந்தால் என்னிடம் வரக் கூடாது. எண்ட் பாயிண்ட்! அதோடு ரிசீவரின் ஃபெயில்சேஃபில் (சிக்னல் அறுந்தால் என்ன செய்வது என்ற அமைப்பு) பிரேக் சேனலை ‘பிடி’ என்றும் திராட்டிலை நடுவிலும் வையுங்கள். சிக்னல் போனால் வண்டி நிற்க வேண்டும்.

ஓம்ஸ்லா: அந்தக் காகிதப் படத்தைக் காட்டுங்கள். தப்பு எங்கே என்று சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்பிரிங் வாங்கியதும் வண்டியையே காட்டுகிறேன். உங்கள் எஃப்ஓசியையும் கொண்டு வாருங்கள், ஒரே பாறையில் இரண்டையும் ஏற்றி சுவிட்சை அணைப்போம்.