தொட்டித் தண்ணீர் தெளிய: ஃபில்டர் பற்றிய கேள்விகளும் பதில்களும்

சேலம் சுற்றுவட்டார நண்பர்களே, ஃபில்டர், அதற்குள் போடும் மீடியா (பஞ்சு, செராமிக் ரிங், கார்பன் மாதிரியானவை), தண்ணீர்த் தெளிவு, இதற்குள் எதை வேண்டுமானாலும் கேளுங்கள். மீன் நோய்க்கு நான் ஆள் இல்லை. தொட்டி எத்தனை லிட்டர், வைத்து எத்தனை நாள் ஆகிறது, ஊற்றியது மேட்டூரிலிருந்து வரும் கார்ப்பரேஷன் தண்ணீரா போர் தண்ணீரா என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் உருப்படியாகப் பதில் சொல்ல முடியும்.

அம்மாப்பேட்டை: அண்ணா, ரெண்டடித் தொட்டி, வாங்கி அஞ்சு நாள் ஆச்சு. கோல்ட் ஃபிஷ் நாலு, கார்ப்பரேஷன் தண்ணி. மூணாம் நாளே வெள்ளையா கலங்கிடுச்சு. ரெண்டு தடவை முழுசா மாத்தியும் மறுபடி அதேதான். ஃபில்டர் மட்டமா?

ஃபில்டர் மேல் தப்பில்லை தம்பி, அது இன்னும் வேலையே ஆரம்பிக்கவில்லை. அந்த வெள்ளை மங்கல் அழுக்கு இல்லை, பாக்டீரியா. புதுத் தொட்டியில் மீன் கழிவும் மீந்த தீனியும் கரையக் கரைய அதைத் தின்னும் பாக்டீரியா தண்ணீரிலேயே பெருகும். பஞ்சின் ஓட்டை வழியாகப் போய்விடும் அளவுக்குப் பொடியானவை, அதனால் பஞ்சு எத்தனை அடுக்கு வைத்தாலும் நிற்காது. நீங்கள் முழுசாக மாற்றும் ஒவ்வொரு தடவையும் கதை முதலிலிருந்து தொடங்குகிறது, அவ்வளவுதான்.

நமக்கு வேண்டிய பாக்டீரியா வேறு. அவை மிதக்காது, பஞ்சு, செராமிக் ரிங், மணல், கண்ணாடி என்று எதிலாவது ஒட்டிக்கொண்டு வாழும். ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட் ஆக்கும், அதை இன்னொரு கூட்டம் நைட்ரேட் ஆக்கும். இரண்டும் மெதுவாகத்தான் பெருகும், புதுத் தொட்டியில் 4 முதல் 6 வாரம் எடுக்கும். அதுவரை தீனியைப் பாதிக்கு மேல் குறையுங்கள், ஏர் பம்ப் இரவும் பகலும் ஓடட்டும். தெரிந்தவர் வீட்டில் ஆரோக்கியமாக ஓடும் பழைய தொட்டி இருந்தால் அந்த ஸ்பாஞ்ச் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள், பல நாள் மிச்சமாகும். இரண்டு நாளுக்கு ஒரு முறை கால்வாசித் தண்ணீர் மட்டும் மாற்றினால் போதும். இன்னொன்று, ரெண்டடித் தொட்டி என்பது ஐம்பது லிட்டர் சொச்சம். நாலு கோல்ட் ஃபிஷ் வளர்ந்தால் அதில் தாங்காது, இப்போதே இரண்டைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் பாருங்கள்.

சூரமங்கலம்: டாப் ஃபில்டர் பஞ்சை வாராவாரம் ஞாயித்துக்கிழமை குழாயில் நல்லா பிழிஞ்சு கழுவறேன். ஆனா செவ்வாய் புதன்ல தண்ணி மங்குது. ஆறு மாசத் தொட்டி.

காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். மேட்டூரிலிருந்து வரும் குடிநீரில் கிருமியைக் கொல்லத்தான் குளோரின் சேர்க்கிறார்கள். அது நல்ல பாக்டீரியா எது கெட்டது எது என்று பிரித்துப் பார்க்காது. வாராவாரம் நீங்கள் ஃபில்டரைக் கொன்றுவிட்டுப் புதுசாகத் தொடங்குகிறீர்கள். தண்ணீர் மாற்றும் நாளில் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரையே ஒரு பக்கெட்டில் பிடித்து, அதில் பஞ்சை இரண்டு மூன்று தடவை அமுக்கி எடுங்கள். பழுப்பாக இருந்தால் இருக்கட்டும், தண்ணீர் தடையில்லாமல் போகிறதா என்பதுதான் கணக்கு. செராமிக் ரிங்கை மாதக்கணக்கில் தொடவே வேண்டாம். பஞ்சு வெள்ளை வெளேர் என்று இருக்க வேண்டுமென்றால் கடைசியில் ஒரு அடுக்கு பாலியஸ்டர் பஞ்சு தனியாக வையுங்கள், அதை மட்டும் தூக்கிப் போட்டுப் புதுசு மாற்றலாம். குழாயடியில் ஃபில்டரைக் கழுவாதீர்கள். இன்றைக்கு இதைப் பல தடவை சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரியும்.

அஸ்தம்பட்டி: ஜன்னல் ஓரத் தொட்டி. தண்ணி பச்சையா பட்டாணி சூப் மாதிரி. ஃபில்டரை பெருசா மாத்தணுமா?

வேண்டாம். அது மிதக்கும் பாசி. மூன்று நாலு நாள் தொட்டியைப் போர்வையால் முழுசாக மூடி இருட்டாக்குங்கள், ஏர் பம்ப் நிற்கக் கூடாது. பிறகு பாதித் தண்ணீர் மாற்றுங்கள், செத்த பாசி உள்ளேயே அழுகக் கூடாது. தொட்டியை ஜன்னலிலிருந்து நகர்த்த முடியாவிட்டால் யூவி விளக்கு வைத்த ஃபில்டர் வாங்கலாம், பச்சைத் தண்ணீருக்கு அதைப்போல வேறொன்று இல்லை. ஆனால் கண்ணாடியில் ஒட்டும் பாசிக்கு அது உதவாது, தண்ணீரோடு விளக்கைத் தாண்டிப் போவதைத்தான் அது கொல்லும். அந்த விளக்கை வெறும் கண்ணால் பார்க்காதீர்கள்.

ஏற்காடு: அண்ணா, காப்பித் தோட்டத்து ஊற்றுத் தண்ணி. பெரிய மரக்கட்டை ஒண்ணு போட்டேன், டீ நிறத்துக்கு வந்துடுச்சு, ஆனா அடிவரைக்கும் தெரியுது. கார்பன் போட்டா போகுமா? இன்னொண்ணு, மலை மேல ஆக்சிஜன் கம்மின்னு சொல்றாங்களே, ஃபில்டருக்குப் பிரச்னையா?

இந்த மாதிரிக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். அந்த நிறம் கட்டையிலிருந்து இறங்கும் டானின், மீனுக்கு ஒன்றும் செய்யாது. பிடிக்கவில்லை என்றால் ஆக்டிவேட்டட் கார்பனை வலைப்பையில் கட்டி ஃபில்டரின் கடைசி அடுக்கில் வையுங்கள், கரித்தூள் போகும்வரை முதலில் அலச வேண்டும். மூன்று நாலு வாரத்தில் அதன் வேலை முடிந்துவிடும், மாற்றியாக வேண்டும். அடுப்புக்கரி வேறு, அதைப் போடாதீர்கள். ப்யூரிஜென் போன்ற ரெசின் விலை கூடுதல், ஆனால் ப்ளீச்சில் ஊறவைத்து மறுபடி பயன்படுத்தலாம். அதற்கான முறை பாக்கெட்டில் இருக்கிறது, ஒரு படியைக் கூடத் தாண்டாதீர்கள், மிச்ச ப்ளீச் மீனைக் கொன்றுவிடும்.

ஆக்சிஜன் விஷயம்: ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு, தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறையும். ஆனால் குளிர்ந்த தண்ணீர் அதிகம் பிடித்துவைத்துக்கொள்ளும். உங்கள் 20 டிகிரித் தண்ணீரும் கீழே சேலத்தில் 30 டிகிரித் தண்ணீரும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வந்து நிற்கும். கவலை வேண்டாம், ஒரு ஏர் ஸ்டோன் போதும். உங்கள் உண்மையான பிரச்னை வேறு இரண்டு. குளிரில் அந்த நல்ல பாக்டீரியா மந்தமாகும், ஆகவே டிசம்பர் ஜனவரியில் தீனியைக் குறைக்க வேண்டும். அடுத்தது, மலை ஊற்றுத் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது, அதாவது கரைந்த தாது உப்பு குறைவு. அமோனியாவை மாற்றும் வேலையில் ஃபில்டர் தண்ணீரின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே போகும், போர் தண்ணீரில் அது ஏராளம், உங்களிடம் கொஞ்சம்தான். தீர்ந்த அன்றைக்கு பிஎச் சட்டென்று விழும், அதாவது தண்ணீர் அமிலப் பக்கம் போகும், தண்ணீர் தெளிவாகவே இருக்கும், மீன் சாகும். இந்தக் காரத்தன்மையை அளக்கும் கேஎச் டெஸ்ட் வாங்கிப் பாருங்கள், 3க்குக் கீழே இருந்தால் ஒரு கைப்பிடி கிளிஞ்சல் ஓட்டைக் கழுவி வலைப்பையில் ஃபில்டருக்குள் போடுங்கள்.

கன்னங்குறிச்சி: ஏற்காடு ரோட்டுப் பக்கம் கிடைக்கிற வெள்ளைக்கல்லை அழகுக்குப் போடலாமா? வினிகர் விட்டுப் பார்த்தேன், நுரைக்கலை.

வினிகர் சோதனை இந்தக் கல்லில் ஏமாற்றும். சுண்ணாம்புக் கல்லும் பளிங்கும் நுரைக்கும். நம்மூர் வெள்ளைக்கல் மாக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட், உலைச் செங்கலுக்காக வெட்டி எடுப்பது. அது குளிர்ந்த நிலையில் லேசான அமிலத்துக்கு அசையாது. தொட்டியிலும் மிக மெதுவாகத்தான் கரையும். கப்பி, மோலி மீன்களுக்குப் பாதகமில்லை. மென்தண்ணீர் மீன் வைத்திருந்தால் தவிர்த்துவிடுங்கள். போடுவதாக இருந்தால் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள், அதன் மாவுதான் தண்ணீரை மங்கவைக்கும்.

செவ்வாய்ப்பேட்டை: புதுத் தொட்டி, ஒரு வாரம், தண்ணி வெள்ளையா இருக்கு.

முதல் பதில்.

குகை: தம்பி, இவ்வளவு எதுக்கு? ஒரு துண்டு படிகாரத்தை ரெண்டு சுத்து சுத்தினா ஒரு மணி நேரத்துல தெளிஞ்சிடும். எங்க அப்பா காலத்திலிருந்து அப்படித்தான்.

ஐயா, குடத்துத் தண்ணீருக்கு அது சரி. மீன் நீந்தும் தொட்டிக்கு வேண்டாம். படிகாரம் காரத்தன்மையைத் தின்று பிஎச்சை இறக்கும், அமிலப் பக்கம் போன தண்ணீரில் படிகாரத்திலுள்ள அலுமினியம் மீன் செவுளைத் தாக்கும்.

தாதகாப்பட்டி: சார், குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்துலயே படிகாரம்தானே போடறாங்க? அப்புறம் அது எப்படி விஷம்?

போடுகிறார்கள். எத்தனை மில்லிகிராம் என்று அன்றன்றைக்குச் சோதித்துப் போடுகிறார்கள், கட்டிச் சேர்ந்த கசடைத் தனித் தொட்டியில் அடியில் இறங்கவிட்டு, மணல் படுகையில் வடிகட்டி, அதற்குப் பிறகுதான் தண்ணீரை வெளியே விடுகிறார்கள். அதற்குள் மீன் இல்லை. உங்கள் தொட்டியில் அந்தக் கசடு எங்கே போகும்? மீன் மூச்சு விடும் செவுளுக்கும் ஃபில்டர் பஞ்சுக்கும்தான்.

குகை: எங்க வீட்டுப் போர் தண்ணி கட்டியான தண்ணி. பிஎச் இறங்கவே இறங்காது, நான் கிட் வெச்சுப் பார்த்தவன். ஒரு மீனும் சாகலை.

அதை மறுக்கவில்லை ஐயா. காரத்தன்மை அதிகமுள்ள தண்ணீரில் கொஞ்சம் படிகாரத்துக்கு பிஎச் அவ்வளவாக அசையாது, உங்கள் மீன் பிழைத்ததற்குக் காரணம் அதுதான். ஆனால் மேலே ஏற்காட்டுக்காரர் இருக்கிறார், அவர் இதைப் படித்துவிட்டு அவருடைய மென்தண்ணீரில் அதே துண்டைச் சுற்றினால் ஒரே இரவில் தொட்டி காலி. அதனால்தான் பொது ஆலோசனையாக இதை ஒருபோதும் சொல்லமாட்டேன். அதோடு, படிகாரம் மங்கலை எடுக்கிறது, மங்கலின் காரணத்தை எடுப்பதில்லை. அமோனியா அப்படியே கிடக்கும்.

தாதகாப்பட்டி: அப்போ தேத்தாங்கொட்டை? அது இயற்கைதானே சார்.

கொட்டையை உரசிவிட்டால் சேறு படியும், உண்மை. மழைக்குச் சேறான குளத்துத் தண்ணீரைத் தனி டிரம்மில் தெளியவைத்து, மேல் தண்ணீரை மட்டும் மொண்டு ஊற்றுவதானால் எனக்கு ஆட்சேபணை இல்லை. தொட்டிக்குள்ளேயே உரசினால் கொட்டையின் கரைசலும் சேர்ந்து அழுகும், பாக்டீரியாவுக்கு இன்னொரு வேளைச் சாப்பாடு. தெளியவைக்கும் எதையும் மீன் இல்லாத பாத்திரத்தில் செய்யுங்கள். படிகாரப் பேச்சை இத்தோடு நிறுத்திக்கொள்வோம், பாக்கிப் பேர் காத்திருக்கிறார்கள்.

ஓமலூர்: அமோனியாவுக்கு ஜியோலைட் போட்டிருக்கேன். மீனுக்கு நல்லதுன்னு கல் உப்பும் போடறேன்.

இரண்டையும் சேர்க்காதீர்கள்! ஜியோலைட் அமோனியாவைப் பிடித்துவைத்திருக்கிறது, உப்பு வந்ததும் சோடியத்தை வாங்கிக்கொண்டு அமோனியாவை விட்டுவிடும். நிறைந்துபோன ஜியோலைட்டை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுப் புதுப்பிப்பதே இந்தக் குணத்தை வைத்துத்தான். உப்பு போட வேண்டுமென்றால் முதலில் ஜியோலைட்டை வெளியே எடுங்கள்.

கொண்டலாம்பட்டி: மீன் மேல வெள்ளைப் புள்ளி. என்ன மருந்து?

என் துறை இல்லை, நல்ல கடையில் மீனைக் காட்டிக் கேளுங்கள். மருந்து போடும் முன் ஃபில்டரிலிருந்து கார்பனை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்தை அது உறிஞ்சிவிடும்.

மெய்யனூர்: பஞ்சை எத்தனை நாளைக்கு ஒரு தடவை குழாயில் கழுவணும்?

குழாயில் கழுவவே கூடாது. சூரமங்கலத்துப் பதிலைப் படியுங்கள், தயவு செய்து.

ஆத்தூர்: கேனிஸ்டர் ஃபில்டர், நேத்து ஏழு மணி நேரம் கரண்ட் இல்லை. வந்ததும் அப்படியே ஓடவிடலாமா?

கூடாது. மூடின டப்பாவுக்குள் தண்ணீர் நின்றால் பாக்டீரியா உள்ளிருந்த ஆக்சிஜனை எல்லாம் தீர்த்துவிட்டுச் சாகத் தொடங்கும், அந்தக் கெட்ட தண்ணீர் நேராகத் தொட்டிக்குள் போகும். உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டு, தொட்டித் தண்ணீரில் மீடியாவை அலசி, பிறகு ஓடவிடுங்கள். அடுத்த தடவைக்கு பேட்டரி ஏர் பம்ப்போடு ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் உள்ளேயே இருக்கட்டும்.

ஃபேர்லேண்ட்ஸ்: சார், என் தொட்டித் தண்ணி நல்லா கிளியரா இருக்கு, ஃபில்டர் ஓடுது, ஆனா காலையிலிருந்து எல்லா மீனும் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. போன வாரம் புதுசா எட்டு மீன் விட்டேன். போர் தண்ணி.

உடனே கவனியுங்கள், மற்றக் கேள்விகள் பிறகு. அமோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறம் கிடையாது, தண்ணீர் தெளிவாக இருப்பதால் ஆபத்து இல்லை என்று ஆகாது. ஒரே நேரத்தில் எட்டு மீன் கூடியதில் ஃபில்டர் தடுமாறுகிறது. போர் தண்ணீரில் பிஎச் கூடுதலாக இருக்கலாம், அதனால் இன்னும் பயம், பிஎச் 7லிருந்து 8க்கு ஏறினால் அமோனியாவில் நச்சான பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகும். இப்போதே பாதித் தண்ணீர் மாற்றுங்கள், புதுத் தண்ணீரின் சூடு தொட்டியோடு ஒத்திருக்கட்டும். ஏர் ஸ்டோன் போடுங்கள், ஃபில்டர் வாயைத் திருப்பி மேல்மட்டம் நன்றாகக் கலங்கும்படி வையுங்கள். இன்றைக்குத் தீனி வேண்டாம்.

ஃபேர்லேண்ட்ஸ்: மாத்திட்டிருக்கேன் சார். கிட் இல்லை. மோட்டார் ஓடலை, கார்ப்பரேஷன் தண்ணிதான் இருக்கு, ஊத்தலாமா?

ஊற்றலாம், குளோரினை நீக்கும் ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட், ப்ளீச் அல்ல) போட்டுக் கலக்கிவிட்டு ஊற்றுங்கள், அளவு பாட்டிலில் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு தண்ணீர், ஆகவே ஒரே மூச்சில் கொட்டாமல் மெதுவாக விடுங்கள். சாயங்காலத்துக்குள் அமோனியா கிட்டும் நைட்ரைட் கிட்டும் வாங்கி இரண்டு ரீடிங்கையும் எனக்கு அனுப்புங்கள், நாளைக்கு எவ்வளவு மாற்ற வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன். ஃபில்டர் பஞ்சில் மட்டும் கை வைக்காதீர்கள்.