சட்டம்தான் 2018-லேயே மாறிவிட்டதே, தன்பாலீர்ப்பாளர் அமைப்புகளுக்கு இனி என்ன வேலை?

தன்பாலுறவு குற்றமில்லை என்று சட்டம் மாறிய சேதி வந்து சேராத வீடுகள் எங்கள் மார்த்தாண்டம் பக்கம் நிறைய உண்டு, என் சித்தப்பா வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சித்தப்பா மகன், எனக்குத் தம்பி, தனக்கு ஆண்கள் மேல்தான் ஈர்ப்பு என்று வீட்டில் சொல்லிவிட்டான். அழுகை, ஜெபம், உபவாசம் எல்லாம் முடிந்து, கடைசியில் ஆறு மாதத்தில் 'மாற்றித் தருகிறேன்' என்ற ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். மாத்திரையைத் தின்றுவிட்டுப் பயல் பகல் முழுக்கத் தூங்கி வழிந்தான், வேறு ஒரு மாற்றமும் இல்லை.

அப்போதுதான் சென்னையில் இப்படியொரு அமைப்பில் இருக்கும் ஒருவரை போனில் பிடித்தேன். அவர் வாட்ஸப்பில் அனுப்பியது 2021 ஜூன் 7-ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்ற உத்தரவு. ஒருவரையொருவர் விரும்பி மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கு. சென்னையில் அவர்களுக்குத் துணை நின்றதும் இந்த மாதிரி அமைப்புகள்தான். பாலீர்ப்பை வைத்தியம் பார்த்து மாற்ற முயலக்கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. மறு வருடம் தேசிய மருத்துவ ஆணையமும் அப்படி மாற்ற முயல்வதைத் தொழில் ஒழுங்கீனம் என்று சொல்லிவிட்டது.

முக்கியமான பக்கங்களை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துப் போய்க் கொடுத்தேன். சித்தப்பா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், அச்சில் வந்ததைத்தான் நம்புவார். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கே இதில் புரிதல் போதாது என்று ஒத்துக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட இடத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஜட்ஜு போய் பாடம் படிச்சாராக்கும்?" என்றார்.

சரி, கேள்விக்கு வருகிறேன். 377 என்பது தன்பாலுறவைக் குற்றமாக்கி 1860-இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டப் பிரிவு. அதை எதிர்த்து 1994-இல் போட்ட மனு ஒன்றுமில்லாமல் போனது, 2001-இல் நாஸ் பவுண்டேஷன் என்ற டெல்லி தொண்டு நிறுவனம் மறுபடி போட்டது, 2009-இல் டெல்லி உயர்நீதிமன்றத்தில் ஜெயித்து 2013-இல் உச்சநீதிமன்றத்தில் தோற்று, அப்புறம்தான் 2018-இல் உச்சநீதிமன்றத்திலேயே ஜெயித்தது. நடுவில் யாராவது அலுத்துப்போய் விட்டிருந்தால் என் கையில் காட்ட ஒரு காகிதமும் இருந்திருக்காது. திருமண உரிமை கேட்டு 2023-இல் தோற்றும் இருக்கிறார்கள், அதனால் வேலை முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றவில்லை.

சித்தப்பா இன்றுவரை "சரி" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் மாத்திரை நின்றது, அந்தக் காகிதம் நிலப் பத்திரங்களோடு பீரோவில் இருக்கிறது. போன வாரம் ரப்பர் ஒட்டுப்பால் மூட்டையைக் கடைக்குக் கொண்டுபோக "லே மக்கா, வண்டிய எடு" என்று தம்பியைத்தான் கூப்பிட்டார்.