புவேர்த்தோ எஸ்கொந்தீதோ போகிறீர்களா? கடற்கரை, சாப்பாடு, தங்குமிடம்: கேள்வி பதில்

மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தில், பசிபிக் கரையோரம் இருக்கும் ஊர் புவேர்த்தோ எஸ்கொந்தீதோ. நான் மெக்சிகோ சிட்டியில் வேலை பார்க்கிறேன். குளிர்கால விடுமுறை என்றாலே எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வது இந்த ஊரைத்தான். விடுமுறைக்குத் திட்டம் போடும் பலர் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

டல்லாஸிலிருந்து: அக்கா, கான்குன் போகலாமா, இங்கே வரலாமா? ஒரு வாரம்தான் லீவு. பிள்ளைகளுக்கு 6 வயது, 10 வயது.

பெரிய ஹோட்டலுக்குள்ளேயே நீச்சல் குளம், பஃபே, கடற்கரை என்று இருந்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்றால் கான்குன் போங்கள், அதற்கென்றே கட்டிய ஊர் அது. புவேர்த்தோ எஸ்கொந்தீதோவில் மீன்பிடி படகுகள் இன்னும் ஊர் நடுவில்தான் கரையேறுகின்றன. தெருவில் இறங்கிச் சாப்பிட வேண்டும், சந்தைக்குப் போக வேண்டும், நாளுக்கொரு கடற்கரை பார்க்க வேண்டும் என்றால் இங்கே வாருங்கள். பிள்ளைகளுக்கு ஏற்ற கடற்கரைகள் இருக்கின்றன. எந்தக் கடற்கரை என்பதில்தான் கவனம் வேண்டும், கீழே விவரமாகச் சொல்கிறேன்.

எந்த மாதம் நல்லது?

நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை இருக்காது. அதிலும் நவம்பர் கடைசி, அல்லது ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடியும் வரை என்றால் இன்னும் நல்லது. டிசம்பர் முதல் மார்ச் வரை கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் இந்தப் பக்கம் வரும், படகில் போனால் பார்க்க வாய்ப்பு உண்டு. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்திலும் ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்திலும் மெக்சிகோவே கடற்கரைக்குக் கிளம்பிவிடும். அறை வாடகை ஏறும், சாப்பிட மேசை கிடைக்காது.

ஜூன் முதல் அக்டோபர் வரை மழைக்காலம், புயல் காலமும் அதுதான். 2022 மே 30 அன்று அகாதா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. 2025 ஜூனில் எரிக் புயல் மேற்கு வஹாக்காவில் கரை கடந்தது. அந்த மாதங்களில் வந்தால் பயணக் காப்பீடு இல்லாமல் வராதீர்கள்.

H-1B-யில் இருக்கிறேன், இந்திய பாஸ்போர்ட். மெக்சிகோ விசா எடுக்க வேண்டுமா?

செல்லுபடியாகும் அமெரிக்க விசா பாஸ்போர்ட்டில் இருந்தால் சுற்றுலாவுக்குத் தனியாக மெக்சிகோ விசா வேண்டாம். கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் விசா வைத்திருப்பவர்களுக்கும், கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் இதே சலுகை உண்டு. ஆனால் விசா முத்திரையின் தேதி முடிந்துபோய், வேலை அனுமதிக் கடிதம் மட்டும் கையில் இருந்தால் அது போதாது. டிக்கெட் போடும் முன் மெக்சிகோ துணைத் தூதரகத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இதில் சந்தேகத்தோடு விமான நிலையம் போகக் கூடாது.

மெக்சிகோ சிட்டியிலிருந்து எப்படிப் போவது? வஹாக்கா நகரத்தையும் சேர்த்துப் பார்க்கலாமா?

மெக்சிகோ சிட்டியிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. விமான நிலையம் சின்னது, ஊரை ஒட்டியே இருக்கும். அதில் டிக்கெட் விலை அதிகமாக இருந்தால் கிழக்கே இருக்கும் கடற்கரை ஊரான வத்தூல்கோவுக்குப் பறந்து, அங்கிருந்து இரண்டு மணி நேரம் சாலையில் வரலாம்.

வஹாக்கா நகரத்தைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பு அங்கிருந்து மலைப்பாதையில் ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஆகும், வளைவுகளில் பிள்ளைகள் வாந்தி எடுத்துவிடுவார்கள். 2024 பிப்ரவரியில் புதிய நெடுஞ்சாலை திறந்த பிறகு அது மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. மூன்று நாள் நகரம், அப்புறம் கடல். இந்த வரிசையில் வைத்தால் கடைசி நாட்கள் ஓய்வாகப் போகும்.

எந்தப் பகுதியில் அறை எடுப்பது?

குடும்பத்தோடு என்றால் ரின்கோனாதா. காரிசாலீயோ கடற்கரைக்கு நடந்தே போகலாம், சாப்பாட்டுக் கடைகள் ஒரே தெருவில் வரிசையாக இருக்கும், இரவில் அமைதி. இளைஞர்கள் கூட்டமாக வந்தால் லா பூன்தா: மண் தெரு, சர்ஃபிங், இரவு வெகுநேரம் பாட்டு. பிள்ளைகளைத் தூங்க வைக்க வேண்டியவர்கள் அந்தப் பக்கம் எடுக்க வேண்டாம். செலவைக் குறைக்க நினைத்தால் சந்தைக்குப் பக்கத்தில், ஊருக்குள் எடுங்கள். எங்கே எடுத்தாலும் ஏசி இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மலிவான அறைகள் பலவற்றில் மின்விசிறி மட்டும்தான். ஏப்ரல், மே புழுக்கத்தில் அது பற்றாது.

சிக்கதேலா கடற்கரைப் படங்கள் அருமையாக இருக்கின்றன. அங்கே குளிக்கலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். தெற்குப் பசிபிக்கில் கிளம்பும் அலைகள் வழியில் எந்தத் தடையும் இல்லாமல் வந்து, கரைக்கு மிக அருகே மணல்திட்டில் மோதி உடையும் இடம் சிக்கதேலா. உலகின் தேர்ந்த சர்ஃபர்கள் அதற்காகத்தான் வருகிறார்கள், 'மெக்சிகன் பைப்லைன்' என்றே அதற்குப் பெயர். மே முதல் செப்டம்பர் வரை அலைகள் மிகப் பெரிதாக எழும். மற்ற மாதங்களில் பார்க்க அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுப்பு இருக்கும்.

காலையில் வெயில் ஏறுமுன் போய், மணலில் மேடான இடத்தில் உட்கார்ந்து சர்ஃபர்களைப் பாருங்கள். காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் அந்த நேரத்தில் அலை சுருண்டு, உள்ளே குழாய் மாதிரி வெளி விடும். அதற்குள் ஒருவர் புகுந்து மறுபக்கம் வெளியே வருவதைப் பார்க்கும்போது கரையில் இருப்பவர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிடுவார்கள்.

அதே கேள்விதான். என் கணவர் நன்றாக நீந்துவார், முழங்கால் அளவு தண்ணீரில் நின்றால் என்ன?

குளத்தில் எத்தனை சுற்று நீந்துகிறார் என்பது இந்தக் கடலுக்குப் பொருட்டில்லை. முழங்கால் அளவில் நிற்கும்போது ஒரு பெரிய அலை வந்து திரும்பினால் காலடி மணலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். விழுந்தவர் எழுவதற்குள் அடுத்தது வந்துவிடும். சிவப்புக் கொடி பறந்தால் எந்தக் கடற்கரையாக இருந்தாலும் இறங்க வேண்டாம். வேறெங்காவது நீரோட்டம் இழுத்தால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப் போகாதீர்கள். மிதந்தபடி கையைத் தூக்கிக் காட்டுங்கள். முடிந்தால் கரைக்கு இணையாக நகர்ந்து, இழுப்பு விட்ட இடத்தில் கரைக்குத் திரும்புங்கள்.

குளிக்க காரிசாலீயோ போங்கள். பாறைகளுக்கு நடுவே ஒதுங்கிய சின்ன வளைகுடா, சர்ஃபிங் கற்கவும் ஏற்றது. கீழே இறங்க 150க்கும் மேற்பட்ட படிகள் உண்டு. பிள்ளைகள் துள்ளிக்கொண்டு இறங்குவார்கள், ஏறும்போது உங்களைத் தூக்கச் சொல்வார்கள். பக்கத்திலேயே மன்சனீயோ, ஆன்ஹெலீத்தோ என்ற இரண்டு கடற்கரைகளும் அலை குறைந்தவை, 6 வயதுப் பிள்ளைக்கு அவைதான் பொருத்தம்.

அப்பா, அம்மா இருவருக்கும் 65 தாண்டிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி. சமாளிப்பார்களா?

தாராளமாக. காரிசாலீயோ படிகளை மட்டும் விட்டுவிடுங்கள். ஆன்ஹெலீத்தோவுக்கு டாக்ஸியில் போனால் நடை மிகக் குறைவு, நிழலில் நாற்காலி போட்டுத் தருவார்கள். மாலையில் பாகோச்சோ கடற்கரைக்கு அழைத்துப் போங்கள். அங்கே சூரியன் மறையும் நேரத்தில் ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். சின்னக் கட்டணம் கட்டினால் குஞ்சைச் சிரட்டை போன்ற ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்து உங்களிடமே கொடுப்பார்கள், கையால் தொடக் கூடாது. மணலில் விட்டதும் அது சில நொடி அசையாமல் கிடக்கும். பிறகு துடுப்புக் கால்களால் தத்தித் தத்திப் போகும். முதல் அலை பின்னுக்குத் தள்ளும், அடுத்த அலை எடுத்துக்கொள்ளும். பெரியவர்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்துக் காட்ட இதைவிட நல்லது இந்த ஊரில் எனக்குத் தெரிந்து இல்லை. அங்கேயும் குளிக்க வேண்டாம், அலை கடுமை.

சாப்பாடு எங்கே? ஊருக்கென்று இருப்பதைச் சாப்பிட ஆசை.

இடத்தைவிட நேரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள். இந்த ஊரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேளை இருக்கிறது.

காலையில் பெனித்தோ ஹுவாரெஸ் சந்தை. உள்ளே சாப்பாட்டுக் கடைகள் ஒரு பகுதி முழுவதும் இருக்கும். வாழையிலையில் வேகவைத்த தமால் எனும் சோளமாவுப் பண்டம், கெட்டி மோலே குழம்பு, கூடவே சூடான சாக்லேட், அதில் தோய்த்துச் சாப்பிட ஒரு பன். ரின்கோனாதாவிலோ சிக்கதேலாவிலோ தங்கினால் எல் கஃபெசீத்தோ என்ற கடையிலும் காலை உணவு நன்றாக இருக்கும், காபி கிடைக்கவில்லையே என்று ஏங்குபவர்களுக்கும் அதுதான்.

மதியம் இரண்டிலிருந்து நான்கு வரைதான் இங்கே பெரிய சாப்பாடு. ஊருக்குள் சின்ன உணவகங்களில் 'கொமீதா கொரீதா' என்று கேளுங்கள்: சூப், சோறு, ஒரு கறி, பழச்சாறு எல்லாம் சேர்த்து ஒரே விலை. மீன் வேண்டுமென்றால் கடற்கரைக் கடைகளில் மதியமே சாப்பிடுங்கள், காலையில் வந்த மீன் அது. ஹுவாச்சினாங்கோ என்பது நம் சங்கரா வகை. முழுதாகப் பொரித்தோ, மிளகாய் விழுது தடவிச் சுட்டோ கொடுப்பார்கள். முழு மீனுக்கு எடை போட்டுத்தான் விலை. அதனால் மீனைப் பார்த்து, எடை போடச் சொல்லி, தொகையைக் கேட்டுவிட்டு அப்புறம் அடுப்புக்கு அனுப்புங்கள். மீன் உள்ளே வைத்துப் பொரித்த பெஸ்காதீயாவைப் பிள்ளைகள் விரும்புவார்கள்.

இரவுக்கு த்லயூதா. இதைச் சாப்பிடாமல் திரும்பாதீர்கள். மாலை இருட்டியதும் தெருவோரம் கரி அடுப்பு மூட்டுவார்கள். தட்டைவிடப் பெரிய, விறைப்பான சோள ரொட்டியில் அசியென்தோ எனும் பன்றிக் கொழுப்பைத் தேய்த்து, அரைத்த கறுப்பு பீன்ஸ் பூசி, முட்டைக்கோஸ் தூவுவார்கள். அப்புறம் கெசீயோ. நூல் உருண்டை மாதிரி சுற்றி வைத்திருக்கும் பாலாடைக்கட்டி அது, பிரித்துப் பிரித்துப் பரப்புவார்கள். இரண்டாக மடித்து நேராகக் கனலின் மேல் வைத்ததும் ஓரங்கள் கருகி மொறுமொறுப்பாகும், உள்ளே கெசீயோ உருகும். பக்கத்திலேயே தசாஹோ என்ற மெல்லிய உப்புக் கண்டம் வாட்டுவார்கள். கையால் உடைத்துத்தான் சாப்பிட வேண்டும். ஒன்று இரண்டு பேருக்குப் போதும். எந்தக் கடை என்று கேட்டால், உள்ளூர்க் குடும்பங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருக்கும் கடை.

ஒருநாள் இரவு நல்ல உடை உடுத்திச் சாப்பிட ஆசையென்றால் ரின்கோனாதாவில் அல்மொராதூஸ். வஹாக்கா சமையலை அக்கறையோடு செய்யும் இடம், முன்பதிவு செய்துவிடுங்கள். காரிசாலீயோவின் மேலே இருக்கும் எஸ்பதீனில் சூரியன் மறையும் காட்சிக்காகவே உட்காரலாம்.

நாங்கள் சுத்த சைவம். ஊறுகாயும் எம்டிஆர் பாக்கெட்டும் கட்டிக்கொண்டு வர வேண்டுமா?

இரண்டு பாக்கெட் பையில் இருக்கட்டும், ஆனால் பயப்படத் தேவையில்லை. சோளம், பீன்ஸ், வெண்ணெய்ப்பழம், மிளகாய், பாலாடைக்கட்டி எல்லாம் இங்கே அன்றாடச் சாப்பாடு. பூசணிப்பூ வைத்த கெசாதீயா (பாலாடைக்கட்டி வைத்து மடித்த ரொட்டி), சப்பாத்திக்கள்ளி மடல் வதக்கல், பாலாடைக்கட்டி அடைத்த பெரிய மிளகாய் ஆகிய மூன்றும் எங்கேயும் கிடைக்கும்.

கவனிக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு. பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பார்கள், சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைப்பார்கள், த்லயூதாவில் அசியென்தோ இருக்கும். "சின் கார்னே" (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் மாட்டிறைச்சி இல்லாமல் கோழி வந்து நிற்கும், அவர்கள் கணக்கில் அது தப்பில்லை. இப்படிச் சொல்லுங்கள்: "நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ" (இறைச்சி, கோழி, மீன் எதுவும் சாப்பிட மாட்டேன்). கூடவே "சின் அசியென்தோ, சின் மந்தேக்கா." மந்தேக்கா என்பதும் பன்றிக் கொழுப்புதான். த்லயூதாவை அப்படிக் கேட்டால் கண்ணெதிரே செய்து தருவார்கள், ருசி குறையாது.

நாங்கள் முஸ்லிம் குடும்பம், டொரொன்டோ. மீன் சாப்பிட்டுச் சமாளிக்கலாமா?

மீனும் இறாலுமே போதுமான அளவு கிடைக்கும். மேலே சொன்ன மந்தேக்கா, அசியென்தோ எச்சரிக்கை உங்களுக்கும்தான். மீனை எண்ணெயில் பொரிக்கிறார்களா, எதில் பொரிக்கிறார்கள் என்று கேளுங்கள். "கோன் அசெய்த்தே" என்றால் எண்ணெய்.

தண்ணீர்? போன தடவை வேறொரு மெக்சிகோ ஊரில் வயிறு கெட்டுவிட்டது.

குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம், பல் துலக்கவும் பாட்டில் தண்ணீர் வையுங்கள். பெரும்பாலான அறைகளில் 20 லிட்டர் கேன் வைத்திருப்பார்கள். நடுவில் துளையுள்ள உருளை ஐஸ் சுத்திகரித்த நீரில் செய்து விற்பது. பச்சை மீனை எலுமிச்சையில் ஊறவைத்த செவிச்சேயை மதியம் மட்டும், கூட்டமுள்ள கடையில் மட்டும் சாப்பிடுங்கள். வெயிலில் தண்ணீர் குறைந்தாலும் வயிறு படுத்தும், ஓஆர்எஸ் பாக்கெட் கொண்டு வாருங்கள்.

இரவில் ஒளிரும் ஏரி என்கிறார்களே, உண்மையா?

உண்மை. மேற்கே அரை மணி நேரத் தொலைவில் மனியால்தேபெக் உப்பங்கழி. நீரில் உள்ள நுண்ணுயிர்கள் அசைவு பட்டால் நீல ஒளி விடும். நிலா இல்லாத இரவாகப் பார்த்துப் போங்கள், பௌர்ணமியில் பணம்தான் வீண். நீரில் இறங்குவதாக இருந்தால் சன்ஸ்கிரீனோ கொசு மருந்தோ பூசாதீர்கள், அந்த உயிர்களுக்குக் கெடுதல். பறவைகள் பார்க்கிறவர்கள் அதே இடத்துக்கு விடியற்காலையில் போகலாம்.

ஒருநாள் கூடுதலாக இருந்தால்?

மசுன்தே. கிழக்கே ஒன்றரை மணி நேரம். மெக்சிகோ 1990இல் ஆமை வேட்டையைத் தடைசெய்யும் வரை ஆமை வியாபாரத்தில் பிழைத்த ஊர், இன்று அங்கே தேசிய ஆமை மையம் இருக்கிறது. மாலையில் பூன்தா கொமேத்தா முனைக்கு நடந்து போங்கள். பஸ்ஸில் போனால் சான் அந்தோனியோ சந்திப்பில் இறங்கிப் பிக்கப் வண்டி மாற வேண்டும். பக்கத்து ஊரான சிப்போலித்தேயில் ஆடையின்றிக் குளிப்பது வழக்கம், குடும்பத்தோடு போகிறவர்கள் தெரிந்துகொண்டு போங்கள்.

கடைசியாக, பணமும் டாக்ஸியும்.

சந்தை, த்லயூதா கடை, டாக்ஸி எல்லாவற்றுக்கும் ரொக்கப் பெசோ வேண்டும். ஏடிஎம் "உங்கள் நாட்டுப் பணத்தில் மாற்றிக் கணக்கிடவா" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள், பெசோவிலேயே எடுப்பதுதான் லாபம். டாக்ஸியில் மீட்டர் கிடையாது, ஏறுமுன் தொகை பேசிவிடுங்கள். உணவகத்தில் 10 முதல் 15 சதவீதம் டிப்ஸ். பில் தானாக மேசைக்கு வராது, எழுந்து போகச் சொல்வதாக ஆகிவிடும் என்பதால் நீங்கள் கேட்கும்வரை கொண்டுவர மாட்டார்கள். "லா குவென்தா, போர் ஃபவோர்" என்று கேளுங்கள்.