ரத்ததான முகாம்: இடமும் நாளும்

வணக்கம். கோயில், சர்ச், பள்ளிவாசல் மூன்றும் சேர்ந்து நடத்தவிருந்த ரத்ததான முகாம், யார் இடத்தில் வைப்பது என்ற பேச்சிலேயே நின்றுவிட்டதாக எழுதியிருந்தீர்கள். மூன்று இடமும் வேண்டாம். பக்கத்து அரசுப் பள்ளியைக் கேளுங்கள், தயங்குகிறவர்களும் வருவார்கள்.

நாள்தான் முக்கியம். ரமலானில் பகலில் வேண்டாம். நோன்பிருப்பவர் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்கக் கூடாது. வெள்ளி மதியம் பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகை, ஞாயிறு காலை சர்ச்சில் பூசை. அதனால் பள்ளி விடுமுறையுள்ள சனிக்கிழமை ஒத்துவரும். புரட்டாசிச் சனி மட்டும் வேண்டாம், பெருமாள் கோயில்காரர்களுக்கு அன்று நிற்க நேரமிருக்காது.

ரத்தம் கொடுக்க 18 வயது ஆகியிருக்க வேண்டும், குறைந்தது 45 கிலோ எடை வேண்டும், முன்பு கொடுத்திருந்தால் ஆண்களுக்கு மூன்று மாத இடைவெளி, பெண்களுக்கு நான்கு. இதை மூன்று இடத்திலும் முந்தின வாரமே சொல்லச் சொல்லுங்கள். ஆசையாக வந்தவரைத் திருப்பி அனுப்புவது மனசுக்குக் கஷ்டம்.

சாப்பாடு ஜூஸ், பிஸ்கட்டோடு போதும். நோட்டீசில் முகாமை நடத்துபவர் என்று தெருப் பெயரை மட்டும் போடுங்கள்.

அப்புறம், கொடுத்தவர்களைக் கவனிக்கும் வேலைக்கு மூன்று தரப்பு இளைஞர்களையும் கலந்து நிறுத்துங்கள். 2015 சென்னை வெள்ளத்தின்போது என்னோடு உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலம் கட்டியவர்கள்தான் இன்றும் என் வீட்டு விசேஷத்துக்கு வருகிறார்கள்.