சாமி படம் வரையும் மகளை என்ன படிக்க வைக்கலாம்?

வணக்கமுங்க. "பாப்பா ஓவியம்தான் படிப்பேன்னு நிக்கிறா, அதுவும் சாமி படமாவே வரையறா. இத வெச்சுப் பொழைக்க முடியுங்களா?" என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

காலண்டரைப் பார்த்து வரைந்த முருகனும் லட்சுமியும் சுமார்தான். அவை யார் வேண்டுமானாலும் வரையக்கூடியவை. ஆனால் உங்கள் குலதெய்வம் கருப்பராயன் கோயில் மண்குதிரையை வரைந்திருக்கிறாளே, அது வேறு. கழுத்தும் உடம்பும் சேருகிற இடத்தில் குயவர் விரல் அழுத்திய தடம், வெயிலில் வெளுத்த சுண்ணாம்பு, உடைந்த காதுக்குள் தெரியும் பொள்ளல் என எதையும் அவள் விடவில்லை. வருசா வருசம் நோம்பிக்குப் போய் நின்று பார்த்த கண்ணுக்குத்தான் இது வாய்க்கும்.

"சாமியை விட்டுட்டு மாடர்னா வரை" என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதை நான் ஏற்கமாட்டேன். ஓவியர் மார்க் ஷகால் 1887இல், இன்றைய பெலாரஸில் உள்ள வித்தெப்ஸ்க் ஊரில், பக்தி மிகுந்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பாரிஸ் போய் நவீன ஓவியம் கற்ற பிறகும் அந்த ஊர் வீடுகளும் ஆடுமாடுகளும் பிடில்காரர்களும் அவர் படங்களை விட்டுப் போகவில்லை. 1950இல் பிரான்ஸ் போன நம்மூர் ஓவியர் எஸ்.எச். ரஸா ஒரு முஸ்லிம். அவர் பேர் சொல்லும் படங்கள், இந்துத் தத்துவ மரபில் வரும் 'பிந்து' என்ற கரும்புள்ளியைச் சுற்றியவை. மத்தியப் பிரதேசத்துச் சிற்றூர்ப் பள்ளியில், மனம் ஒருமுகப்பட வாத்தியார் சுவரில் வரைந்து காட்டிய புள்ளி அது. அதனால் பிறந்த மதத்துக்குள் மட்டுமே மரபு இருக்கிறது என்று பாப்பாவும் நினைக்க வேண்டாம்.

ஆனால் பக்தி இருந்தால் மட்டும் வரைகிற கை தானாக வந்துவிடாது. கோவை பக்கத்தில் இருக்கும் பேரூர் பட்டீசுவரர் கோயிலில், சிற்பத் தூண்கள் நிற்கும் கனகசபை மண்டபத்துக்கு அவளைக் கூட்டிப் போங்கள். யானையை வதைத்த சிவனைக் காட்டும் கஜசம்ஹாரர் தூணின் முன் அரை நாள் உட்கார்ந்து, இடுப்பு எங்கே வளைகிறது, எடை எந்தக் காலில் நிற்கிறது என்று பார்த்து வரையட்டும். நாளைக்கே அவளுக்குச் சாமி நம்பிக்கையில் கேள்வி வந்தாலும் அதட்டாதீர்கள், ஐயா. அந்தக் கேள்வியும் படமாக வரட்டும்.

படிப்பு விசயத்துக்கு வருகிறேன். பிளஸ் டூ முடித்து நான்காண்டு பி.எஃப்.ஏ. என்ற கவின் கலை இளங்கலைப் படிப்பில் சேரலாம். 1850இல் தொடங்கிய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியும், கும்பகோணம் அரசு கல்லூரியும் இருக்கின்றன. கோயிலுக்கும் சாமி சிலைக்கும் அளவு சொல்லும் ஆகம, சிற்ப சாத்திர நூல்களின் முறைப்படி கற்க மாமல்லபுரம் அரசு கல்லூரி. பாப்பா தன் கண்ணால் பார்த்து வரைகிறவள், அளவு இலக்கணத்தில் கட்டுப்படுகிறவள் அல்ல. என் யோசனை சென்னை அல்லது கும்பகோணம்.

வருமானம் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். படம் விற்றே குடும்பம் நடத்துவது ஆரம்ப வருசங்களில் மிகக் கடினம். டிகிரியோடு கம்ப்யூட்டரில் டிசைன் செய்யவும் பழகிவிட்டால், திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பிரிண்ட் டிசைன் வேலை இருக்கிறது. அனிமேஷன், பள்ளி ஓவிய ஆசிரியர் வேலைகளும் உண்டு. விசைத்தறி ஓட்டுகிற உங்களுக்கு டிசைனின் மதிப்பை நான் சொல்ல வேண்டியதில்லை. சம்பளம் ஒரு பக்கம் வரட்டும், தன் படத்துக்கு வாரத்தில் ஒரு முழு நாளை அவள் ஒதுக்கியே ஆக வேண்டும்.

இப்போதைக்கு அந்தக் காலண்டர் படங்களை ஃபைலிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். நேரில் பார்த்து வரைந்ததை மட்டும் வைத்துக்கொண்டு, பாப்பாவோடு அம்மாவையும் கூட்டி வாங்க. விண்ணப்பத்தை உட்கார்ந்து பேசிப் போடலாம்.