ரொறன்ரோ ஐஸுக்கும் விஸ்லர் பனிக்கும் ஒரே பலகை போதுமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. நான் வெள்ளவத்தை, வயது 29. வருகிற ஜனவரியில் ரொறன்ரோவில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போகிறேன். சித்தியின் மகன் சனி ஞாயிறு வந்தால் புளூ மவுண்டனுக்கு ஸ்னோபோர்ட் ஓடப் போய்விடுவான். இந்த முறை இருவரும் சேர்ந்து ஒரு கிழமை பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருக்கும் விஸ்லரும் போவதாகத் திட்டம். கனடாவில் படித்த காலத்தில் ஓடியிருக்கிறேன். இரண்டு பக்கமும் திரும்பவும் நிறுத்தவும் தெரியும். "ஓல்-மவுண்டன் ஃபிரீஸ்டைல் பலகை ஒன்று வாங்கு, எல்லாத்துக்கும் அது போதும்" என்கிறான் தம்பி. விலை 550 டொலர். இணையத்தில் பார்த்தால் எல்லோரும் எந்தப் பனியிலும் அருமை என்றே எழுதுகிறார்கள். நம்பி வாங்கலாமா? உயரம் 168 செ.மீ., எடை 62 கிலோ, சப்பாத்து யூ.கே. 8.

பதில்: தம்பி சொன்னதில் பாதி சரி. இந்த வகைப் பலகை எந்தப் பனியிலும் ஓடும். ஆனால் எல்லாப் பனியிலும் ஒரே மாதிரி ஓடாது, குறைகிற இடத்தில் மிச்சத்தை உங்கள் தொடைதான் கொடுக்க வேண்டும். நீங்கள் போகிற இரண்டு மலையும் ஒன்றுக்கொன்று நேரெதிர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்த வகையில் மூக்கும் வாலும் ஒரே அளவாகவோ கிட்டத்தட்ட ஒரே அளவாகவோ இருக்கும். அதனால் எந்தக் காலை முன்னே வைத்தும் ஓடலாம், பாய்ந்து சுழன்று பின்பக்கமாக இறங்கவும் செய்யலாம். விறைப்பு நடுத்தரம், கம்பனிகள் போடும் 1 முதல் 10 வரையான அளவில் 5, 6 என்று இருக்கும். இவ்வளவையும் விளம்பரத்திலேயே எழுதியிருப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது பலகையின் அடி எப்படி வளைந்திருக்கிறது என்பதை. கடையில் அதைச் சமதரையில் வைத்துவிட்டுக் குனிந்து பாருங்கள். நடுப்பகுதி தரையை விட்டு மேலே எழும்பி, மூக்குக்கும் வாலுக்கும் கிட்ட மட்டும் தொட்டுக்கொண்டு நின்றால் அது காம்பர். நடு தரையில் படிந்து இரண்டு நுனியும் முன்கூட்டியே மேலே வளைந்தால் ரொக்கர். இரண்டையும் கலந்தவைதான் இப்போது கடைகளில் கூடுதல்.

காம்பர் பலகையில் ஏறி நின்றதும் உங்கள் பாரம் விளிம்பின் முழு நீளத்துக்கும் பரவுகிறது. கடினமான பனியில் அது கடித்துப் பிடிப்பதற்கும், பாயும்போது வில் போல உந்தித் தருவதற்கும் காரணம் அதுதான். கவனம் சிதறினால் விளிம்பு மாட்டி ஆளைக் குப்புறத் தள்ளுவதும் அதேதான். ரொக்கர் அவ்வளவு கோபக்காரன் இல்லை. ஆழப் பனியில் மிதக்கும், பிழைவிட்டாலும் மன்னிக்கும். ஆனால் ஐஸில் அதோடு நிற்பது, கழுவிய சீமெந்துத் தரையில் ஈரப் பாட்டாவோடு நடப்பது மாதிரி.

இனி உங்கள் மலைகள். புளூ மவுண்டன் ஜோர்ஜியன் விரிகுடாவுக்குப் பக்கத்தில், கொலிங்வூட்டுக்குக் கிட்ட இருக்கிறது. அடியிலிருந்து உச்சிக்கு 220 மீற்றர் அளவுதான். அங்கே இயந்திரம் ஊதும் பனியும் நிறைய. ஒன்ராறியோவில் ஜனவரியில்கூட ஒரு நாள் மழை தூறி மறுநாள் உறைந்துவிடும். காலையில் இயந்திரம் சீவிவிட்ட வரிகள் இருக்கும்வரை இந்தப் பலகை சொன்னபடி கேட்கும். மதியத்துக்குள் மேல்பனியைச் சனம் வழித்துத் தள்ளிவிடும், பளிங்கு மாதிரித் திட்டுத் திட்டாக ஐஸ் தெரியும். அங்கேதான் சோதனை. நடுத்தர விறைப்புள்ள பலகை வேகம் கூடியதும் மூக்கு நடுங்கத் தொடங்கும்; விளிம்பு மழுங்கியிருந்தால் குதிக்கால் பக்கத்துத் திருப்பத்தில் பக்கவாட்டில் வழுக்கும். புளூ மவுண்டனுக்கு என்றால் காலடியில் காம்பர் உள்ள பலகையே எடுங்கள். லிப் டெக், க்னூ பலகைகளில் விளிம்பை நேர்கோடாக விடாமல் அலை அலையாக வெட்டியிருப்பார்கள். மேக்னி-டிராக்ஷன் என்று பெயர். ஐஸில் கூடுதல் இடங்களில் கடிக்கட்டும் என்பதற்காகச் செய்த வேலை அது. எப்படியிருந்தாலும், 550 டொலர்ப் பலகையை மொட்டை விளிம்போடு ஓட்டுவதைவிட, சாதாரணப் பலகையைத் தீட்டி ஓட்டுவது மேல்.

விஸ்லர் வேறு கதை. கிராமம் சுமார் 675 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, லிஃப்ட் 2,200 மீற்றருக்கு மேலே கொண்டுபோய் விடும். பசிபிக் ஈரம் நேரே வந்து மோதும் மலைத்தொடர் அது. உச்சியில் முழங்கால் அளவு புதுப் பனி, நடுவில் ஆட்கள் உழுது குவித்த கட்டி, கீழே கஞ்சி மாதிரி ஈரப் பனி, சில நாளில் மழையே. ஒரே இறக்கத்தில் மூன்றையும் கடக்க வேண்டிவரும்.

கணுக்கால் அளவு புதுப் பனி வரை இந்தப் பலகை சந்தோஷமாக ஓடும். அதைத் தாண்டினால், வாலும் மூக்கைப் போலவே அகலமாக இருப்பதால் வால் தாழாது, மூக்கு தானாக மேலெழும்பாது. பின்காலை ஊன்றி நீங்கள்தான் மூக்கைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். இரண்டு மூன்று இறக்கத்தில் தொடை எரியும். இதற்குச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது: காலையில் பைண்டிங்கை, அதாவது பூட்ஸைப் பலகையோடு இறுக்கும் பிடிகளை, கழற்றி, இரண்டையும் 2 முதல் 4 செ.மீ. வரை வால் பக்கம் தள்ளிப் பூட்டுங்கள். ஸ்குரூட்ரைவர் ஒன்று போதும், ஐந்து நிமிட வேலை. ஆழப் பனிக்கென்றே செய்த பலகை ஆகிவிடாது, ஆனால் மத்தியானம்வரை கால் தாங்கும்.

உழுத கட்டிப் பனியில் பாரமான, விறைப்பான பலகை வெட்டிக்கொண்டு போகும்; உங்களுடையது துள்ளும். முழங்காலைத் தளர்த்தி வேகத்தைக் குறையுங்கள், வேறு மருந்தில்லை. கீழே ஈரப் பனியில் நேர்மாறாக இந்த நெகிழ்வு கொண்டாட்டம், திருப்புவது சுகம். அங்கே இழுத்துப் பிடிப்பது அடித்தளத்தில் ஒட்டும் தண்ணீர். சூட்டுக்கேற்ற மெழுகு பூசினால் ஓடும். மரங்களுக்கிடையிலும் நல்லது. பார்க்கில், அதாவது குதிமேடும் பெட்டியும் கம்பியும் வைத்த இடத்தில், இதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. பிறந்ததே அதற்காகத்தான்.

நீங்கள் படித்த விமர்சனங்களுக்கு வருவோம். எழுதியவர் எத்தனை கிலோ என்று பார்த்தீர்களா? 85 கிலோக்காரர் "மெத்தென்று வளைகிறது" என்று எழுதும் பலகை 62 கிலோவுக்கு விறைப்பாகத் தெரியும். 5, 6 என்ற எண்ணுக்கும் பொதுத்தரம் ஒன்றும் கிடையாது. ஒரு கம்பனியின் 5 இன்னொன்றின் 7. அவர் எந்தப் பனியில் ஓடினார் என்பதும் அதே அளவு முக்கியம். ஜப்பானில் நிசெக்கோவின் உலர்ந்த பனியில் சோதித்தவர் ஐஸைப் பற்றி நல்லதாகச் சொன்னால் எனக்கு நம்பிக்கை வராது. எடையும் பனியும் எழுதாத விமர்சனத்தை விளம்பரமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் எடைக்கு 152 முதல் 154 செ.மீ. பலகை சரிவரும். உயரத்தைப் பார்த்து நாடிவரை என்று அளப்பார்கள், எடையே முக்கியம். இடுப்பகலம், அதாவது பலகையின் ஒடுங்கிய நடுப்பகுதியின் அகலம், 250 மில்லிமீற்றர் சுற்றில் இருந்தால் யூ.கே. 8 சப்பாத்து பனியில் உரசாது.

வாங்கலாமா என்றால், இப்போதைக்கு வேண்டாம் என்பேன். கொழும்பில் இருந்துகொண்டு வருடத்துக்கு ஒரு கிழமை, இரண்டு கிழமை ஓடுகிறவருக்கு 550 டொலர்ப் பலகை அலுமாரிக்குப் பின்னால்தான் காலம் கழிக்கும். அந்தக் காசில் முதலில் பூட்ஸ் வாங்குங்கள். வாடகைப் பூட்ஸ் நூறு பேரின் காலுக்கு இளகிப்போனது. குதிக்கால் உள்ளே எழும்பினால் எவ்வளவு நல்ல பலகையும் சொல்வழி கேட்காது. மெல்லிய சொக்ஸ் ஒன்று போட்டு நேராக நின்றால் விரல் முன்பக்கத்தை இலேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடித்தால் பின்வாங்க வேண்டும். பலகையை விஸ்லரில் "டெமோ" என்று கேட்டு எடுங்கள். சாதாரண வாடகையைவிடக் கூட, ஆனால் நடப்பு வருடப் பலகை தருவார்கள், நாளுக்கொன்று மாற்றியும் பார்க்கலாம். வாங்கினால் வாடகையைக் கழிக்கும் கடைகளும் உண்டு. பிடித்துப்போனால் தம்பியிடம் சொல்லிவையுங்கள்: மார்ச், ஏப்ரலில் அதே பலகையின் விலை நன்றாக இறங்கும். சித்தி வீட்டிலேயே கிடக்கட்டும்.

கேள்வி: அறுகம்பையில் சேர்பிங் பழகியவன். அடுத்த மாதம் டுபாய் போகும்போது ஸ்கி டுபாயில் ஸ்னோபோர்ட் ஓடிப் பார்க்க ஆசை. சுலபமாக வருமா? பலகை வாங்கிக்கொண்டு போகவேண்டுமா? (பம்பலப்பிட்டி)

பதில்: சமநிலை உங்களிடம் இருக்கிறது, அது பெரிய விஷயம். ஆனால் அலையில் பின்காலில் பாரம் போட்ட பழக்கம் முதல் மணித்தியாலத்தில் உங்களை விழுத்தும். அமுக்கிய பனியில் முன்காலில் சாய்ந்தால்தான் பலகை திரும்பும். ஸ்கி டுபாய் கூரைக்குள், சுமார் 400 மீற்றர் சரிவு. வருடம் முழுக்கச் சீவிய ஒரே பனி. பலகை, பூட்ஸ், குளிர் உடுப்பு எல்லாம் அங்கேயே கிடைக்கும். ஒன்றும் வாங்க வேண்டாம், கையுறையும் சொக்ஸும் மட்டும் கொண்டுபோங்கள்.

கேள்வி: சுவிஸில் இருக்கும் மச்சான் தன்னுடைய எட்டு வருடப் பழைய பலகையை 100 பிராங்குக்குத் தருகிறேன் என்கிறார், பைண்டிங்கோடு. எடுக்கலாமா? (கொட்டாஞ்சேனை)

பதில்: மச்சான் என்பதால் பேரம் பேச வெட்கமாக இருக்கும். அதனால் முதலில் படம் கேளுங்கள், பதில் படத்திலேயே வந்துவிடும். விளிம்பு முழுவதும் கிட்டத்தில் எடுத்த படம் வேண்டும். உருக்கு எங்கேயாவது வெடித்திருந்தாலோ, பலகையின் அடுக்குகள் பக்கவாட்டில் பிரிந்து வாய் திறந்திருந்தாலோ இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். தண்ணீர் உள்ளே போய் மரத்தை ஊதவைத்திருக்கும். அடியில் கீறல்கள் பரவாயில்லை, மரம் தெரியும் குழி மட்டும் ஆபத்து. மேல்பக்கம் உதிர்ந்திருப்பது அழகுக் குறைதான்.

அடுத்தது காம்பர். சமதரையில் வைத்து நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நிறைய ஓடிய பலகை தளர்ந்து படுத்துவிடும். பிறகு ஐஸில் பிடிக்காது. பைண்டிங் பூட்டும் முறையையும் கேளுங்கள். பேர்ட்டன் பலகைகள் பலவற்றில் நடுவே நீளத் தவாளிப்பு இருக்கும், மற்றவற்றில் ஸ்குரூத் துளைகள். ஒன்றுக்கான தட்டு மற்றதுக்குப் பொருந்தாமல் போகலாம். பைண்டிங்கின் பிளாஸ்டிக் எட்டு வருடத்தில் குளிரில் முறியக்கூடியது, அதற்குக் காசு கொடுக்காதீர்கள். எல்லாம் சரி என்றால் 60 பிராங் என்று ஆரம்பியுங்கள்.

கேள்வி: பெரிய கம்பனி ஒன்றின் பலகை 80 வீதக் கழிவில் என்று பேஸ்புக்கில் விளம்பரம் வந்தது. காசு கட்டிவிட்டேன். ஒரு மாதமாகப் பதில் இல்லை. 1977க்கு அடித்தால் ஏதாவது செய்வார்களா? (தெஹிவளை)

பதில்: 1977 நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம். இங்கே கடை வைத்திருக்கும் வியாபாரி என்றால் அடிக்கலாம். எங்கே இருக்கிறது என்றே தெரியாத இணையக் கடையை அவர்களால் இழுத்துவர முடியாது. கார்டில் கட்டியிருந்தால் இன்றைக்கே வங்கிக்குப் போய், பொருள் வரவில்லை என்று கொடுப்பனவை ஆட்சேபித்து எழுதிக் கொடுங்கள். இதற்குக் காலக்கெடு உண்டு, ஒவ்வொரு நாளும் உங்களுக்கு நட்டம். விளம்பரத்தையும் கட்டிய விபரத்தையும் ஸ்கிரீன்சொட் எடுத்துவையுங்கள். அந்தப் பக்கம் எந்த நேரமும் மறைந்துவிடும். கார்டு புதிதாக மாற்றித் தரச் சொல்வதும் நல்லது.

கேள்வி: எங்கள் பிளட் காலி வீதியில் கடல் பக்கம். ஜப்பானில் இருந்து கொண்டுவந்த பலகையின் விளிம்பு மூன்று மாதத்தில் துருப்பிடித்துவிட்டது. குறைபாடுள்ள பொருள் என்று கடையில் மாற்றக் கேட்கலாமா? (கொள்ளுப்பிட்டி)

பதில்: கேட்கலாம், தரமாட்டார்கள். விளிம்பு உருக்கு, உப்புக் காற்றில் எந்த உருக்கும் துருப்பிடிக்கும். உத்தரவாதம் பெரும்பாலும் தயாரிப்புப் பிழைக்கு மட்டும்தான், அதுவும் வாங்கியவர் பற்றுச்சீட்டைக் காட்டினால்.

மேலோட்டமான துரு என்றால் பயமில்லை. விளிம்பு தீட்டுகிறவர்கள் வைத்திருக்கும் உரஞ்சுகல் ரப்பரால் தேய்த்தால் போய்விடும். பிறகு மெழுகை உருக்கி அடித்தளத்திலும் விளிம்பின் மேலும் தடிப்பாகப் பூசி, வழிக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள். அடுத்த பயணத்துக்கு முதல்நாள் வழித்தால் போதும். பையின் சிப்பைப் பூட்டி வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாது. மொட்டைமாடிக் களஞ்சிய அறையும் வேண்டாம், அந்தச் சூட்டில் பசை இளகும். கட்டிலுக்குக் கீழே படுக்கையாக வையுங்கள், பைண்டிங் ஸ்குரூக்களைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு. மெழுகு உருக்க வீட்டு அயன்பொக்ஸை எடுத்தால் புகை வராத அளவுக்குச் சூட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அது மெழுகுக்கு மட்டும்தான். பிள்ளைகளின் வெள்ளை யூனிபோர்மில் வைத்தால் வீட்டில் வேறு பிரச்சினை வரும்.